முதல் இசை மென்பொருள்: ஒரே மெட்டை இரண்டில் செய்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது, ஓரளவு பாடவோ கீபோர்டு வாசிக்கவோ வருகிறது, மனத்துக்குள் இரண்டு மூன்று மெட்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்ற நிலையில் இசையமைக்கத் தொடங்குகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம், எந்த மென்பொருளில் தொடங்குவது என்னும் கேள்விதான். ஒலியைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, பல டிராக்குகளை ஒன்றாகக் கலந்து பாட்டாக வெளியே எடுக்க உதவும் இவ்வகை மென்பொருளை டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்கிறார்கள்; அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டா’ என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு. நண்பனைக் கூப்பிடுவது போல ஒலித்தாலும் அது அத்தனை எளிதில் நட்பாகிவிடுவதில்லை. எஃப்.எல். ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக் புரோ, கியூபேஸ், புரோ டூல்ஸ், ரீப்பர் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் விசிறிகள் இருக்கிறார்கள். பாட்டுக்குச் செலவிட வேண்டிய மூன்று மாதத்தை ஒப்பீட்டுக் காணொளிகளிலேயே கழித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவன்தான்.

இங்கே சொல்லும் முறை சுருக்கமானது. செய்யப்போகும் வேலை, கூட வேலை செய்கிறவர்கள், கையிலிருக்கும் கணினி, செலவிடக்கூடிய பணம் ஆகிய நான்கையும் கொண்டு பட்டியலை இரண்டு மென்பொருளாகக் குறைத்துவிட வேண்டும். பிறகு சொந்த மெட்டு ஒன்றை அந்த இரண்டிலும் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்து, கை எதில் குறைவாகத் தடுமாறுகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் பத்து நாள் போதும்.

தொடங்கும் முன்: ஒலித்தரம் பற்றிய ஐயம்

“இதில் மிக்ஸ் செய்தால் சவுண்டு கனமாக வரும், அதில் செய்தால் மெலிந்துபோகும்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமான மென்பொருள்கள் எல்லாம் ஒலியை 32 பிட் அல்லது 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில்தான் கூட்டுகின்றன. கூட்டல் எங்கே செய்தாலும் கூட்டல்தான்.

ஐயம் தீரவில்லையென்றால் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஒரே நான்கு வேவ் கோப்புகளை இரண்டு மென்பொருள்களிலும் ஏற்றி, எந்த எஃபெக்டும் போடாமல், ஒலியளவைத் தொடாமல், ஒலியை இடமோ வலமோ நகர்த்தும் பான் குமிழை நடுவிலேயே விட்டு, இரண்டிலிருந்தும் கலவையை வெளியே எடுங்கள். பிறகு அந்த இரண்டு கலவைகளையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, ஒன்றின் துருவத்தை மட்டும் தலைகீழாக்கி (ஒலி அலையின் மேடு பள்ளமாகும்படி புரட்டி) ஓடவிட்டால், அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மௌனம் மட்டுமே மிஞ்சும். மெல்லிய ஒலி ஏதாவது கேட்டால், பெரும்பாலும் பான் விதி என்ற அமைப்பே காரணமாக இருக்கும்: ஒலியை நடுவில் வைக்கும்போது எத்தனை டெசிபெல் குறைப்பது என்பதில் ஒவ்வொரு மென்பொருளும் வேறு வேறு எண்ணைத் தொடக்க நிலையில் வைத்திருக்கலாம். அந்த எண்ணைச் சமமாக்கியதும் மௌனம் திரும்பிவிடும். ஆகவே கூடவே வரும் வாத்தியங்கள், எஃபெக்டுகள், வேலை செய்யும் வழி ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

படி 1: செய்யப்போகும் வேலையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

“இசையமைக்க வேண்டும்” என்று எழுதினால் அது எதையும் முடிவுசெய்ய உதவாது. “தம்புராவுடனும் மிருதங்கத்துடனும் நான் பாடும் கீர்த்தனைகளைப் பதிவுசெய்ய வேண்டும்”, “குறும்படங்களுக்குப் பின்னணி இசை போட வேண்டும்”, “கானா பீட்டும் ராப்பும் செய்து இணையத்தில் விட வேண்டும்”, “மேடையில் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) போட்டு நேரடியாக வாசிக்க வேண்டும்” என்கிற அளவுக்குத் தெளிவாக எழுத வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்து, பிறகுதான் மற்ற வேலைகளைக் கற்றுக்கொண்டது. பிறந்த வீட்டுக் குணம் அதை விட்டு முழுவதும் போவதில்லை.

புரோ டூல்ஸ் 1991இல் டிஜிடிசைன் நிறுவனத்திலிருந்து, டேப்பில் பதிவுசெய்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டூடியோக்களுக்கு மாற்றாக வந்தது. அதனால்தான் உயிருள்ள கலைஞர்கள் வாசிப்பதைப் பதிவுசெய்வது, பல டேக்குகளிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது, டப்பிங், திரைப்படத்தின் இறுதி மிக்ஸ் ஆகியவற்றில் பெரிய ஸ்டூடியோக்கள் இன்றும் அதையே பொது மொழியாக வைத்திருக்கின்றன. கியூபேஸின் கதை வேறு. ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் அதை அட்டாரி கணினிக்காக வெளியிட்டபோது அதில் ஒலிப்பதிவே கிடையாது; 1983இல் வந்த மிடி என்ற பொது விதிப்படி, கீபோர்டில் எந்தக் கட்டை எப்போது எவ்வளவு அழுத்தமாக அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் பதிந்து திருத்துவதற்காக அது செய்யப்பட்டது. லாஜிக்கும் அதே அட்டாரிக் காலத்து ஜெர்மன் மரபில் வந்ததுதான். அதை உருவாக்கிய ஈமேஜிக் நிறுவனத்தை 2002இல் ஆப்பிள் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. கீபோர்டில் அமர்ந்து, வயலின் கூட்டத்தையும் குழலையும் ஒவ்வொரு ஸ்வரமாக வரைந்து, பட ஓட்டத்தோடு பொருத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் வசதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எஃப்.எல். ஸ்டூடியோ 1997இல் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்தில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் ஒரு தாளப் பெட்டியாகப் பிறந்தது. 2003இல்தான் பெயர் மாறியது. வரிசையாக இருக்கும் கட்டங்களில் மவுஸால் தட்டினால் அங்கே கிக், இங்கே ஸ்னேர் என்று அடி விழும் அந்தப் பலகை இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது. இசைக் கல்வி இல்லாதவரும் அரை மணி நேரத்தில் ஒரு பீட்டை ஓடவிட்டுவிடலாம் என்பது அதன் பெரும் பலம். ஆனால் ஒரு பாடகரை நிறுத்திப் பத்து டேக் பதிவுசெய்யும் வேலை அதில் மற்றவற்றைவிடச் சற்றுச் சுற்றுவழியாகத்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். பெர்லினிலிருந்து 2001இல் வந்த ஏபிள்டன் லைவ், பெயருக்கேற்ப மேடைக்கானது. அதில் சிறு சிறு இசைத் துண்டுகளைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு, எதை எப்போது ஓடவிடுவது என்பதை வாசிக்கும்போதே முடிவுசெய்யலாம். எந்த நொடியில் தட்டினாலும் அடுத்த பாரின், அதாவது அடுத்த தாளக் கட்டத்தின், தொடக்கத்தில் அது தாளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

ரீப்பர் இவர்களுக்கு நடுவே ஆடம்பரமில்லாத ஆள். வின்ஆம்ப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கிய இது, மற்றவை பல ஜிகாபைட் கேட்கும் இடத்தில் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய கணினியிலும் முனகாமல் ஓடுகிறது. ஆனால் சொல்லும்படியான வாத்திய ஒலி எதுவும் அதனுடன் வராது. காலி வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தது போல இருக்கும். பாத்திரம் பண்டங்களை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் குணங்களை உங்கள் வாக்கியத்தோடு பொருத்திப் பாருங்கள். கீர்த்தனைப் பதிவுக்கு ரீப்பரும் கியூபேஸும், பீட்டுக்கு எஃப்.எல்.லும் லைவும், குறும்பட இசைக்குக் கியூபேஸும் லாஜிக்கும் என்று நான் தொடங்குவேன். ஆடாசிட்டி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பேச்சைப் பதிவுசெய்யவும் ஒரு கோப்பை வெட்டவும் அது மிக நல்ல இலவசக் கருவி. மிடி வாத்தியங்களை வைத்துப் பாட்டுக் கட்டுவது அதன் வேலை அன்று.

படி 2: யாருடன் கோப்பு பரிமாறப்போகிறீர்கள்

தனியாக வேலை செய்கிறவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவர்களுக்கு, முதல் நான்கு படிகளிலும் இதுவே கனமானது. தெருமுனையில் இருக்கும் ஸ்டூடியோ நண்பரோ, உங்கள் மெட்டுக்கு வாத்தியங்களைக் கணினியில் அமைத்து, அதாவது புரோகிராமிங் செய்து, தரும் கீபோர்டு கலைஞரோ எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்துக்கொண்டால், சந்தேகம் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருப்பார். புராஜெக்ட் கோப்பை அப்படியே அனுப்பி வாங்கவும் முடியும். ஒரு மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு இன்னொன்றில் பொதுவாகத் திறக்காது.

ஏ.ஆர். ரஹ்மான் லாஜிக்கில் வேலை செய்கிறவர் என்பது பலரும் அறிந்தது. அதை மட்டும் காரணமாக வைத்துக் கடன் வாங்கி மேக் வாங்கியவர்களும் உண்டு. தொலைவில் இருக்கும் மேதையைவிட, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தொலைபேசியை எடுக்கிற நண்பரே தொடக்கக்காரருக்கு அதிகம் பயன்படுவார்.

படி 3: கணினிக்கு எது ஒத்துவரும்

லாஜிக் புரோவும், அதன் இலவசத் தம்பியான கராஜ்பேண்டும் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். மேக் ஏற்கெனவே இருந்தால் கராஜ்பேண்டில் தொடங்குவதில் யோசிக்க ஒன்றுமில்லை; அதில் செய்த புராஜெக்ட்டைப் பின்னால் லாஜிக்கில் அப்படியே திறந்துகொள்ளலாம். விண்டோஸ் கணினி இருப்பவர், லாஜிக்குக்காக மேக் வாங்குவதைவிட அந்தப் பணத்தை ஒரு நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, ஹெட்போன் ஆகியவற்றில் போடுவது நல்லது. லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ரீப்பரும், 2014இல் வந்த பிட்விக்கும் உண்டு.

அடுத்து பிளக்-இன் வடிவம். வெளியிலிருந்து வாங்கும் வாத்தியங்களும் எஃபெக்டுகளும் மூன்று பெரிய வடிவங்களில் வருகின்றன: ஸ்டைன்பெர்க் 1996இல் கொண்டுவந்த வி.எஸ்.டி., ஆப்பிளின் ஆடியோ யூனிட், புரோ டூல்ஸுக்கான ஏ.ஏ.எக்ஸ். லாஜிக் ஆடியோ யூனிட்டை மட்டுமே ஏற்கும். புரோ டூல்ஸ் ஏ.ஏ.எக்ஸை மட்டுமே ஏற்கும். விண்டோஸில் ஓடும் மற்றவை பெரும்பாலும் வி.எஸ்.டி.யை ஏற்கும். ஆர்வலர்கள் இலவசமாக எழுதி வெளியிடும் சிறு சிறு பிளக்-இன்களில் பெரும்பங்கு வி.எஸ்.டி.யில்தான் கிடைக்கிறது. மிருதங்கம், நாதஸ்வரம், வீணை போன்றவற்றின் ஒலித் தொகுப்புகளைத் தேடுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அத்தொகுப்புகளில் பல, பதிவுசெய்த வாத்திய ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்கவைக்கும் கான்டாக்ட் என்ற சாம்ப்ளருக்குள் மட்டுமே திறக்கும், அவற்றிலும் பல அதன் இலவசப் பிளேயரில் முழுமையாக ஓடாமல், விலை கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பைக் கேட்கும். வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் குற்றம் மென்பொருளுடையது என்று எண்ணி அதை மாற்றிவிடாதீர்கள். இந்தத் தாமதத்தை, அதாவது லேட்டன்சியை, பெரும்பாலும் பஃபர் அளவும் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின், அதாவது சாம்ப்பிள்களின், எண்ணிக்கை), இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவரும்தான் தீர்மானிக்கின்றன. விநாடிக்கு 48,000 சாம்ப்பிள் என்ற கணக்கில் 256 சாம்ப்பிள் பஃபர் வைத்தால் ஒரு திசைக்கு 5.3 மில்லி விநாடி ஆகும். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 செ.மீ. போவதால், ஏறக்குறைய ஆறடி தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போன்ற தாமதம் அது. குரல் உள்ளே போய்த் திரும்பி வர இதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகும். பஃபரை 1,024இல் வைத்தாலோ ஒரு திசைக்கே 21 மில்லி விநாடி ஆகிவிடும். தாளத்தோடு பாட முடியாது. பதிவுசெய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1,024 என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது வழக்கம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை நிறுவி, அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தச் சிறிய எண்கள் உண்மையில் வேலை செய்யும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

படி 4: பணம்

ஒரே மென்பொருள் மூன்று நான்கு பதிப்புகளாக விற்கப்படுவதால், விலையை மட்டும் பார்த்து மலிவானதை எடுத்துவிட வேண்டாம். உங்கள் வாக்கியத்தில் எழுதிய வேலையை அந்தப் பதிப்பு செய்யுமா என்று பார்க்க வேண்டும். எஃப்.எல். ஸ்டூடியோவின் மிகக் குறைந்த பதிப்பில் நீண்ட காலம் குரல் பதிவு வசதியே இருந்ததில்லை. அதை வாங்கிவிட்டு மைக்கை எங்கே இணைப்பது என்று தேடியவர்கள் பலர். மறுபுறம், ஒருமுறை வாங்கிவிட்டால் பின்னால் வரும் புதிய பதிப்புகளை வாழ்நாள் முழுவதும் கட்டணமின்றித் தருவது அந்நிறுவனத்தின் வழக்கம். புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பான இன்ட்ரோவில் 8 ஆடியோ டிராக், 8 வாத்திய டிராக், 8 மிடி டிராக் என்ற வரம்பு உண்டு. குரலும் கிட்டாரும் மட்டும் கொண்ட பாட்டுக்கு அது தாராளம். லாஜிக் புரோவின் அமெரிக்க விலை பல ஆண்டுகளாக 199.99 டாலராக இருந்து வருகிறது. அதனுடன் வரும் வாத்தியக் கிடங்கைக் கணக்கில் எடுத்தால் அது மலிவுதான். ரீப்பரைச் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் தனிநபரும், ஆண்டு மொத்த வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத வணிகப் பயனரும் 60 டாலருக்கு வாங்கலாம்; மற்ற வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். ஆடியோ இன்டர்ஃபேஸோ மிடி கீபோர்டோ வாங்கும்போது பெட்டிக்குள் கியூபேஸ் அல்லது லைவின் சுருங்கிய பதிப்புக்கான உரிமக் குறியீடு ஒன்று இருக்கக்கூடும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு மென்பொருள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன், பெட்டியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

இனி, எல்லாரும் அறிந்தும் பேசத் தயங்கும் செய்தி. நானும் திருட்டுப் பிரதியில் தொடங்கியவன்தான். நண்பரின் பென் டிரைவிலிருந்து வந்த ஒரு மென்பொருளில், கோவில் திருவிழாவுக்காக ஒரு பக்திப் பாடலை இருபது நாள் உட்கார்ந்து செய்தேன். விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஊரின் பெயரைப் பல்லவியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்குள் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. மென்பொருள் திறக்க மறுத்தது. வேறொருவரிடமிருந்து வாங்கிய பிரதியோ புராஜெக்ட்டைத் திறந்தும் பாதி பிளக்-இன்களைக் காணவில்லை என்றது. கையில் மிஞ்சியது ஓர் எம்.பி.3 மட்டும். ஒரே ஒரு சொல்லை மாற்றுவதற்காகப் பாடகியை மறுபடி வரவழைத்து, முழுப் பாட்டையும் இரண்டு இரவில் புதிதாகக் கட்டினேன். அந்த மென்பொருளின்மேல் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் அதற்குக் காசு கொடுத்திருக்கவில்லை. உண்மையான இலவசப் பதிப்புகளும் நீண்ட சோதனைக் காலங்களும் இத்தனை இருக்கும் இன்று, அந்தத் துன்பத்துக்கு அவசியமே இல்லை.

சோதனைக் காலங்களின் நிபந்தனைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. லாஜிக் 90 நாளும், ரீப்பர் 60 நாளும், லைவ் 30 நாளும் முழு வசதியோடு ஓடவிடுகின்றன. எஃப்.எல். ஸ்டூடியோவுக்கு நாள் கணக்கே இல்லை. ஆனால் சேமித்த புராஜெக்ட்டை மறுபடி திறக்க வேண்டுமானால் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே அதைச் சோதிக்கும் ஒவ்வொரு நாளும் கணினியை அணைக்காமல் ஒரே மூச்சில் அன்றைய வேலையை முடித்து, வேவ் கோப்பாக வெளியே எடுத்துவிட வேண்டும். நம் ஊரில் அதற்கு மின்வாரியத்தின் அட்டவணையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 5: ஒரே மெட்டு, இரண்டு மென்பொருள்

இப்போது பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். மூன்றாவதைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, உங்கள் மெட்டுகளில் ஒரு பல்லவியும் ஒரு சரணமும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வரிகள் இல்லையென்றால் தத்தகாரமே போதும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் நான்கு நாள் ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒன்றை எப்படிச் செய்வது என்று தெரியாமல் இணையத்தில் தேடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் கோடுகள் கணக்கில் வராது; அன்று எல்லாமே அந்நியமாகத்தான் இருக்கும். நான்காம் நாள் எத்தனை கோடு விழுகிறது என்பதே கேள்வி.

முதலில் தாளம். டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, வைத்து, தாளம் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு அதனுடன் பாடுங்கள். ஆதி தாளத்துப் பாட்டுக்கு நான்கு நான்காக எண்ணும் தொடக்க அமைப்பே போதும். இரண்டு பார் சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம் ஆகிவிடும். மெட்டு மிஸ்ர சாபுவில் இருந்தால்தான் மென்பொருளின் உண்மை முகம் தெரியும். தாள அளவை ஏழுக்கு எட்டு என்று வைத்ததும் பெரும்பாலான மென்பொருள்கள் முதல் அடியை மட்டும் அழுத்தி, மற்ற ஆறையும் ஒரே மாதிரி தட்டும். பாடுகிறவருக்கோ தகிட, தக, திமி என்று மூன்று, இரண்டு, இரண்டாகப் பிரிந்து கேட்டாக வேண்டும். ரீப்பரிலும் கியூபேஸிலும் கிளிக்கின் அழுத்தங்களை நாமே அமைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாத மென்பொருளில், கஞ்சிராத் தட்டு ஒன்றை அந்த மூன்று இடங்களில் வைத்து ஒரு பார் நீளத்துக்கு லூப் செய்து, கிளிக்கை அணைத்துவிட்டால் அதுவே மேலான வழிகாட்டியாகிவிடும். விருத்தம் போலத் தாளமில்லாத பகுதிக்குக் கிளிக்கும் வேண்டாம், கட்டங்களும் வேண்டாம். வெட்டும்போது கோப்பு தானாகக் கட்டத்துக்கு நகர்ந்து ஒட்டிக்கொள்வதை ஒரே விசையில் நிறுத்த முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து கமகம். நம் மெட்டுகளை மேற்கத்திய மென்பொருளில் கட்டுகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இதுவே என்று நினைக்கிறேன். தோடியின் காந்தாரத்தை ஒரு குழல் ஒலியில் கொண்டுவர முயலுங்கள். ஸ்வரங்களைக் கோடுகளாக வரையும் பியானோ ரோல் என்ற திரையில் அந்த ஸ்வரத்தை நேராக ஒரு கோடாக வரைந்தால் தோடி தோடியாக இருக்காது. ஸ்வரம் அசைய வேண்டும், அசைவதற்குச் சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் வேண்டும். மிடி விதிப்படி அந்த அசைவுக்கு 16,384 நிலைகள் உண்டு என்பதால் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் தொடக்க நிலையில் அதன் எல்லை பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாருக்களுக்கு அது போதாமல் பன்னிரண்டாக உயர்த்த வேண்டியிருக்கும், அதையும் வாத்திய பிளக்-இன்னுக்குள்ளேயே போய் உயர்த்த வேண்டும். எல்லையை உயர்த்திய பிறகு ஸ்வரங்களுக்குக் கீழே உள்ள பட்டையில் வளைவை எவ்வளவு எளிதாக வரைய முடிகிறது, வரைந்த வளைவை அடுத்த சங்கதிக்கு நகலெடுக்க முடிகிறதா, ஸ்வரத்தை நகர்த்தினால் வளைவும் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். எஃப்.எல். ஸ்டூடியோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஸ்லைடு குறிப்பு அழகான வசதி. ஆனால் அது அந்த மென்பொருளின் சொந்த வாத்தியங்களில்தான் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வாங்கிய நாதஸ்வரத்தில் வேலை செய்யாது. லாஜிக், லைவ், கியூபேஸ், பிட்விக் ஆகியவை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனி அசைவு தரும் புதிய முறையையும் ஏற்கின்றன. குரலுக்குச் சுருதித் திருத்தம் போடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: திருத்தும் வேகத்தை அதிகமாக வைத்தால் பிருகாவெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

மூன்றாவதாக, வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாகப் பாடிவிட்டு, அந்த வரியை மட்டும் அதே இடத்தில் மறுபடி பதிவுசெய்து, அதாவது பஞ்ச்-இன் செய்து, திருத்துங்கள். பிறகு அதே வரியை நான்கு முறை பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த சொற்களைச் சேர்த்து ஒரு டேக்காக்குங்கள். நாளை உங்கள் வேலை நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போகப்போகிறது. நான்காவதாக, சரணத்தைப் பல்லவிக்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள். டெம்போவை இரண்டு புள்ளி குறைத்தும் பாருங்கள். இயக்குநரோ நண்பரோ கேட்கப்போவது இவ்வகை மாற்றங்களைத்தான். எல்லா டிராக்குகளும் ஒன்றாக நகர்கின்றனவா, பதிவுசெய்த குரல் புதிய டெம்போவுக்கு நீள்கிறதா, நீளும்போது கரகரக்கிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள்.

கடைசியாக ஸ்டெம். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி, ஒரே கட்டளையில் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்புகளை இரண்டாவது மென்பொருளில் போட்டால் பாட்டு பிசகாமல் ஓட வேண்டும். இதில் தேறாத மென்பொருளை, மற்றவை எல்லாம் பிடித்திருந்தாலும் நான் விட்டுவிடுவேன்.

எட்டு நாள் முடிந்ததும் ஒரு நாள் எதையும் தொடாமல் இருங்கள். பத்தாம் நாள் தாளைப் பார்த்து முடிவெடுங்கள். கோடுகள் ஏறக்குறைய சமமாக இருந்தால், எந்த மென்பொருளில் வேலை செய்தபோது நேரம் போனதே தெரியவில்லையோ அதை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தின் அளவும் திரையின் நிறமும் கண்ணுக்கு ஒத்துவருகின்றனவா என்பதும் காரணமாகலாம். இரவு இரண்டு மணிக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

படி 6: தேர்ந்த அன்று மாலை செய்ய வேண்டியவை

முடிவு செய்ததும் மற்ற மென்பொருளை நீக்கிவிட்டு, ஓராண்டுக்கு மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் நிலையானவை என்று மட்டும் எண்ண வேண்டாம். சோனார் என்ற பழம்பெரும் மென்பொருளை வைத்திருந்த கேக்வாக்கின் வேலைகளை, அதன் உரிமையாளரான கிப்சன் 2017 நவம்பரில் திடீரென்று நிறுத்தியபோது, பல ஆண்டுகள் அதில் உழைத்தவர்கள் திகைத்து நின்றார்கள். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டதால் தப்பித்தார்கள். அதனால்தான் முடித்த ஒவ்வொரு பாட்டையும் புராஜெக்ட் கோப்பாக மட்டும் வைத்திருக்காமல், ஸ்டெம்களாகவும் மிடி கோப்பாகவும் எடுத்து, டெம்போவையும் சுருதியையும் கோப்புப் பெயரிலேயே எழுதி, வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டுவைக்கச் சொல்கிறேன். 24 பிட், 48,000 சாம்ப்பிள் கணக்கில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டில் இருபது டிராக் இருந்தாலும் 700 மெகாபைட்டைத் தாண்டாது.

பிறகு ஒரு வெற்றுப் புராஜெக்ட்டைத் திறந்து, சாம்ப்பிள் அளவை 48,000 என்றும் ஆழத்தை 24 பிட் என்றும் வையுங்கள். படத்துக்கும் காணொளிக்கும் பொதுவாகக் கேட்கப்படும் அளவு அதுதான். தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். முதல் டிராக்கில் உங்கள் சுருதிக்கான தம்புரா, இரண்டாவதில் தாள லூப், மூன்றாவதில் மைக் தயாராக நிற்கும் குரல் டிராக், அதற்குக் கீழே குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ஒரு ரிவெர்ப் என்று அமைத்து, அதை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவையுங்கள். நாளைக்கு மெட்டு தோன்றும்போது, அதைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்த அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஆகிறதென்றால், டெம்ப்ளேட்டில் இன்னும் ஏதோ குறைகிறது என்று பொருள்.